பரோட்டா மாஸ்டரின் பத்து விரல்

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஆபீசில் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். நான் பார்த்த வெளிநாடு எது என்று கேட்டால், பாண்டிச்சேரி. அதுவும் மச்சினன் கல்யாணத்துக்கு. பந்தி முடிந்ததும் திரும்பிவிட்டேன். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினால் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு வாங்கின நோட்டு மாதிரி இருக்கும். ஒரு முத்திரை கிடையாது. காலாவதி ஆகும்போதெல்லாம் புதுப்பிப்பேன். வெள்ளையாகக் கொடுத்து வெள்ளையாக வாங்கிக்கொண்டு வருவேன்.

போன மாதம் பழைய ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்த்தேன். என் நாற்காலியில் இப்போது ஷகிலா உட்கார்ந்திருக்கிறாள். பேகம்பூர்ப் பெண், கெட்டிக்காரி.

"சார், இனிமே வெரல் ரேகையக்கூட செல்லுலயே எடுத்துக்குவாங்கன்னு பேசிக்கிறாங்க. சென்னைக்கு யாரும் போகவே வேண்டாமாம்" என்றாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அப்ப நம்ம முருகேசன் கதைய எவன் நம்புவான்?"

"எந்த முருகேசன் சார்?"

ஆரம்பித்தேன். அவள் கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எழுதிக் குடுத்துருங்க சார். நீங்க பேசினா கடை சாத்துற வரைக்கும் முடிக்க மாட்டீங்க" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

நான் பி.காம். படித்தவன். கடைசிப் பேப்பரை நான் விடவில்லை, அதுதான் என்னை விட்டுவிட்டது. அப்பாவின் தக்காளித் தோட்டத்தில் என்னை நிற்க வைத்துப் பார்த்தார்கள். செடிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம், மருந்துக்கடை மாடியில் இருந்த ஆபீசில் சேர்த்துவிட்டார்கள். பாஸ்போர்ட், டிக்கெட், விசா எல்லாம் பார்க்கிற இடம். முதல் சில வருடம் ஜெராக்ஸ் எடுத்தேன், பசை தடவினேன், போட்டோவின் காதுகள் தெரிகிறதா என்று பார்த்தேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். மற்றதெல்லாம் ரெஜினா மேடம்.

ரெஜினா மேடம்தான் ஆபீசின் முதலாளி. திட்டிக் கேட்டதில்லை, குரல் உயர்த்திக் கேட்டதில்லை. நாம் ஏதாவது அரைகுறையாகச் செய்துவிட்டு நின்றால், கண்ணாடியைக் கழற்றுவார், சேலைத் தலைப்பில் மெதுவாகத் துடைப்பார், திரும்பப் போட்டுக்கொண்டு நம் முகத்தைப் பார்த்து, "அப்படியா?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு "அப்படியா"வுக்குப் பயந்து பழைய இரும்புக் கடையில் வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பழைய இரும்புக் கடை என்றதும் கண்ணாடி ஞாபகம் வருகிறது. மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையின் டிக்கெட் கவுண்டரை, கண்ணாடியும் சட்டமுமாக, மேடம் பழைய சாமான் கடையில் வாங்கி ஆபீசுக்குள் மாட்டியிருந்தார். நடுவில் கை நுழைகிற அரைவட்ட ஓட்டை. மேலே சிவப்புப் பெயிண்டில் "பெஞ்சு டிக்கெட்" என்று எழுதியிருக்கும், அழிக்கவே இல்லை. விசா நேர்காணலுக்குப் போகிற எல்லோரும் அதற்கு முன்னால் நின்று ஒத்திகை பார்க்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் அந்நிய தேசத்து அதிகாரி உட்கார்ந்திருப்பார். அந்த அதிகாரி நான்தான். என் கல்யாண டையைக் கட்டிக்கொண்டு, வேர்த்து ஒழுக, மூக்கால் இங்கிலீஷ் பேசுவேன். நான் பேசினதை எந்த வெள்ளைக்காரனும் கேட்காமல் போனது அவன் செய்த புண்ணியம்.

வருகிறவர்கள் பழக்க தோஷத்தில் ஓட்டைக்குக் குனிந்து பேசுவார்கள். மேடம் பின்னால் இருந்து சொல்வார்: "குனியாதீங்க. நீங்க டிக்கெட் கேக்க வரல, வேலைக்குப் போறீங்க."

மேடத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. "என்ன வேலை தெரியும்னு சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க" என்பார். கண்ணால் பார்த்தால்தான் அனுபவச் சான்றுக்கு வேண்டிய விவரத்தை எழுதுவார். செய்து காட்ட ஆள் வேண்டுமே? நான் எதற்கு இருக்கிறேன். நர்சுகள் என் தலையில் கட்டுப் போட்டார்கள். பிசியோதெரபி படித்த ஒரு பையன் என் தோளைத் திருகினதில் ஒரு வாரம் சட்டை மாட்ட வீட்டுக்காரி உதவ வேண்டியிருந்தது. முடி வெட்டுகிறவர் ஒருவர் வந்த அன்றைக்கு மட்டும் லாபம்.

அப்படி ஒரு நாள் வந்தவர்தான் முருகேசன். வடமதுரை ரோட்டுக் கடையில் பரோட்டா மாஸ்டர். கூட அவர் சம்சாரம் செல்வி. அயல்நாட்டில் நம் ஊர்க்காரர் ஒருவர் ஓட்டல் வைத்திருக்கிறார், மாஸ்டர் வேண்டும் என்று அந்த அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி அனுப்பியிருந்தார். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் இரண்டு பேர் இப்போது அதே நாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். என் எழுத்தால் அவர்களுக்கு இடைஞ்சல் வரக் கூடாது.

விஷயம் இதுதான். அந்த அனுமதிக் காகிதத்துக்கு ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் சென்னைக்குப் போய், விசா மையத்தில் விண்ணப்பம் கொடுத்து, பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். தாண்டினால் காகிதம் செல்லாது. ஓட்டல்காரர் வேறு மாஸ்டரைப் பார்த்துக்கொள்வார்.

மேடம் வழக்கம்போல, "செஞ்சு காட்டுங்க" என்றார். ஆபீசில் ஏது பரோட்டாக் கல்? சாயங்காலம் நாங்களே கடைக்குப் போனோம். முருகேசன் மாவை வீசினார். அது காற்றில் சேலை மாதிரி விரிந்து கீழே இறங்கியது. மடித்து, சுற்றி, கல்லில் போட்டு, வெந்ததும் ஏழெட்டை ஒன்றாக அடுக்கி, ஆவி பறக்கப் பறக்க இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்தார். பரோட்டா பூவாக விரிந்தது.

"உங்களுக்குச் சுடலையா?" என்றார் மேடம்.

"சுட்டா அவன் சப்ளையர் மேடம். சுடாட்டித்தான் மாஸ்டர்."

நான் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. "கையக் காட்டுங்க" என்றார். வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாஸ், இங்க ரேகை எங்க இருக்கு?"

பார்த்தேன். பத்து விரல் நுனியும் தேய்த்துக் கழுவின எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது.

"அது கெடக்கு மேடம்" என்றார் முருகேசன். "சிம் கார்டு வாங்கப் போனாக்கூட மிஷினு என்னைய ஆளே இல்லேங்குது. செல்வி பேர்லதான் வாங்கினோம்."

செல்வியின் தம்பி சரவணன் அப்போது பக்கத்து மேசையில் கொத்துப் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். ஊரில் இரண்டு மூன்று பேரைக் குறுக்கு வழியில் அனுப்பிவைத்தவன். "அதான் மாமா, நான் அப்பவே சொன்னேன். சுத்திப் பாக்கப் போறேன்னு விசாவ வாங்குவோம். எறங்குன கையோட அடுப்படிக்குள்ள பூந்துரு. ஒளிஞ்சு இருக்குறவன எவன் வந்து வெரலு கேக்கப் போறான்?"

முருகேசன் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க பெரியப்பா மகன் அப்படித்தான்டா போனாரு. அவுக அப்பா செத்தன்னைக்கு வர முடிஞ்சுச்சா? வந்தா திரும்பப் போக முடியாது, போகாட்டி கடன் அடையாது. செல்லுல பாத்துக்கிட்டே வெங்காயம் உரிச்சாரு. பெத்தவன் காரியத்துக்கு வர முடியாத ஊரு எனக்கெதுக்கு? போற வாசலும் வர்ற வாசலும் ஒண்ணா இருக்கணும். அம்புட்டுதான்."

மேடம் எழுந்தார். "கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கு. அடுப்புப் பக்கமே போகாதீங்க. தோல் தானா வளரும், ரேகை திரும்ப வரும். தாஸ், இவர் கை உங்க பொறுப்பு."

இப்படியாக என் பணிக்காலத்தில் முதல் முறையாக இரண்டு கைகளுக்கு நான் காவல்காரன் ஆனேன்.

வேலை செய்கிற ஆளைச் சும்மா உட்கார வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? முருகேசன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசுவார். அது விரிந்து இறங்கும். மடித்துச் சுற்றுவார். போகிற வருகிறவர்கள் பாவமாகப் பார்ப்பார்கள். ஆனால் ரேகை வந்தது. மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, புது நெல் நாற்று மாதிரி மெல்லிசாகக் கோடு கிளம்பியிருந்தது. சென்னைக்கு நாள் குறித்தோம். காவல் முடிந்தது என்று நானும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

ரயிலில் விழுப்புரம் தாண்டி டீ வந்தது. அதுவரை துண்டுக்குள் கையை வைத்துத் தூங்கிய முருகேசன் கப்பை வாங்கக் கையை நீட்டினார். எனக்கு என் டீ மடியில் கொட்டிவிட்டது. பத்து விரலுக்கும் செக்கச் செவேல் என்று தொப்பி போட்ட மாதிரி மருதாணி.

"இதென்ன முருகேசா?"

"செல்வி வச்சு விட்டா சார். கை சூடு ஏறிப் போச்சாம்ல, மருதாணிதான் சூட்ட இழுக்குமாம். நாலு ராத்திரி வச்சா." கையைத் திருப்பி அழகு பார்த்தார். "நல்லா புடிச்சிருக்குல்ல?"

பிடித்திருந்தது. எங்கள் தெருவில் எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் அப்படிப் பிடித்ததில்லை.

விசா மையத்தில் கவுண்டர்ப் பெண் கையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்கு எதுனா கல்யாணமா?" என்றாள். மருதாணி இருந்தால் விரல் பதியக் கூடாது என்பது விதி. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. வேறொரு நாள் கொடுத்தாள். அது கெடுவின் கடைசி நாளுக்கு முந்தின நாள். அதை விட்டால் கிடையாது.

திரும்பி வந்தோம். ஆபீசில் செல்வி அழுதுகொண்டு நின்றார். சரவணன் "நான் அப்பவே சொன்னேன்" என்ற வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எனக்குத் தோன்றுகிற யோசனைகளைப் பற்றி ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் சொன்னேன்: "உப்புத்தாள் வச்சுத் தேச்சா சிவப்பு போயிரும் மேடம்."

"அப்படியா?" என்றார் மேடம். "சிவப்போட ரேகையும் போயிரும். அப்புறம் உங்க வெரலக் குடுத்து அனுப்புவீங்களா?"

அதுதான் சிக்கல். தேய்த்தால் ரேகை போகும். தேய்க்காவிட்டால் மருதாணி போகாது. மூக்கைச் சிந்திக்கொண்டே செல்விதான் சொன்னார்: "வச்சது நான்தான். ஆனா எங்களுக்கெல்லாம் இது தங்கவே தங்காது மேடம். சப்பாத்திக்கு மாவு பெசைஞ்சா ரெண்டே நாள்ல வெளுத்துரும். இவுக மாவையே தொடாம உக்காந்துருக்கவும்தான் இம்புட்டுச் சிவப்பு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். நான் ஒரு "அப்படியா"வுக்குத் தயாரானேன். ஆனால் அவர் துடைக்கவே இல்லை. "எண்ணெய் விட்டுப் பெசையிற மாவா?" என்றார்.

"ஆமா மேடம். எண்ணெயும் மாவும் பட்டுப் பட்டு மேல்தோலு தானா உரியும். நோகாது."

மேடம் முருகேசனைப் பார்த்தார். "நாளைக்கே கடைக்குப் போங்க. காலையிலயும் சாயங்காலமும் மாவு மட்டும் பெசையுங்க. கல்லுப் பக்கம் போகக் கூடாது, சூட்டுல அடிக்கக் கூடாது. தாஸ் கூடவே இருப்பார்."

முருகேசன் முகத்தில் அத்தனை நாள் கழித்து வெளிச்சம் வந்தது.

அந்த நாட்களில் வடமதுரை ரோட்டுக் கடை பட்ட பாடு கொஞ்சமல்ல. பிசைவது முருகேசன், அதனால் மாவு மல்லிகைப்பூ. போடுவது புதிதாகப் பிடித்துவந்த ஒருவர், அதனால் பரோட்டா செருப்பு. "மாஸ்டரு அங்கனதான நிக்கிறாரு, அவரு போட்டா என்ன?" என்று வாடிக்கையாளர்கள் சத்தம் போடுவார்கள். அந்தப் புது ஆள் பரோட்டாவைக் கருக்கும்போதெல்லாம் முருகேசன் கை தானாகக் கல்லை நோக்கிப் போகும். நான் பாய்ந்து பிடித்துக்கொள்வேன். இரண்டு ஆண்பிள்ளைகள் கடை நடுவில் கைகோத்து நிற்பதைப் பார்த்து ஊர் என்ன பேசியது என்பதை என் வீட்டுக்காரி லூர்துமேரி எனக்கு விவரமாகச் சொன்னாள்.

ஆனால் சிவப்பு மங்கியது. ஒவ்வொரு நாளும் ஆரஞ்சு ஆகி, மஞ்சள் ஆகி, வெளுத்தது. அடியில் ரேகை அப்படியே நின்றது. மேடம் வந்து பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார்.

சென்னைக்குப் புறப்பட வேண்டிய நாள் நல்ல முகூர்த்த நாள். கல்யாண வீட்டுக் கூட்டம் வேன் வேனாக வந்து கடையில் இறங்கியது. அந்த நேரம் பார்த்து, திட்டு வாங்கி நொந்துபோன புது ஆள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கல் சிவக்கக் காய்கிறது. முதலாளி அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிடுகிறார்: "முருகேசா, செத்த நேரம்ப்பா. ஒரு அடுக்கு. ஒரே அடுக்கு."

முருகேசன் அந்தக் கடையில் பதினாறு வயதிலிருந்து சோறு தின்றவர். கை எழும்பிவிட்டது. கண்ணில் தண்ணீர். இந்த முறை நான் பிடித்தால் நிற்காது என்று தெரிந்தது.

"விடு, நான் போடுறேன்" என்றேன்.

எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. சட்டைக் கையை மடித்தேன். போட்டேன், திருப்பினேன், எல்லாம் ஆப்பிரிக்கா வரைபடம் மாதிரி வந்தது. பரவாயில்லை என்று அடுக்கினேன். இத்தனை நாள் பார்த்திருக்கிறேனே, இரண்டு கையையும் ஓங்கி அடித்தேன்.

அதன் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. கல்யாண வீட்டாருக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் முழங்கை வரை விட்டுக்கொண்டு நான் நின்றபோது, கடையே சிரித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சியும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு, "இன்னைக்குத் தோசதான்" என்று அறிவித்துவிட்டார். முருகேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"சுட்டுச்சா சார்?"

"சுட்டுச்சு."

"அப்ப சப்ளையர்தான்."

மறுநாள் காலை சென்னை. கவுண்டரில் அதே பெண். விண்ணப்பதாரர் மட்டும்தான் உள்ளே போகலாம். நான் கண்ணாடிக்கு வெளியே, இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். இந்த ஆள் விரல் கொடுக்க வந்தால் என்ன செய்வது என்று பயந்திருப்பாள்.

வலது கை நாலு விரல். மிஷினில் பச்சை. இடது கை நாலு விரல். பச்சை. இரண்டு பெருவிரல். சிவப்பு. துணியால் துடைக்கச் சொன்னாள், மறுபடி வைத்தார். சிவப்பு. அவள் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். அவர் வந்து பார்த்தார். முருகேசன் என் பக்கம் திரும்பினார். நான் கட்டுப்போட்ட கையால் காற்றில் மாவு பிசைந்து காட்டினேன். அவருக்குப் புரிந்தது. இரண்டு பெருவிரலையும் உள்ளங்கையில் வைத்து, உருண்டை பிடிக்கிற மாதிரி அழுத்தி அழுத்தி உருட்டினார். ரத்தம் ஏறிச் சூடாயிற்று. வைத்தார்.

பச்சை.

நான் போட்ட சத்தத்தில் காவலாளி வந்து என்னை வெளியே போகச் சொன்னார். சந்தோஷமாகப் போனேன். செத்த நேரத்தில் முருகேசன் வந்தார். நுங்கம்பாக்கத்து நடைபாதையில் தோள் துண்டை எடுத்து ஓங்கி வீசினார். அது விரிந்து, சுழன்று, இறங்கியது. பிடித்தார்.

மேடத்துக்குப் போன் செய்தேன். "எல்லாம் பச்சை மேடம்!"

"அப்படியா!" என்றார். அந்த வார்த்தையை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விசா வந்தது, முருகேசன் போனார். போனவர் மகள் சடங்குக்கு முன்வாசல் வழியாகத் திரும்பி வந்தார். சடங்கு முடிந்த சாயங்காலம் அண்ணாச்சி கடையில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் அவரே பரோட்டா போட்டார். அன்றைக்குத் தோசை தின்றுவிட்டுப் போன கல்யாண வீட்டாருக்கு வைத்த பரோட்டா பாக்கி தீர்ந்தது என்று அண்ணாச்சி சொன்னார். அடுத்த வாரம் சரவணன் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தான். "பெஞ்சு டிக்கெட்" கண்ணாடிக்கு முன்னால் நின்று, குனிந்து, மெதுவாகக் கேட்டான்: "சார், இந்த வழியில எனக்கும் ஒரு எடம் இருக்குமா?"

"குனியாதப்பு" என்றேன்.

இப்போது முருகேசனுக்கு அந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்கிற உரிமையும் கிடைத்துவிட்டது. செல்வியும் மகளும் அங்கேதான். அவர் சொந்தமாக ஒரு சின்னக் கடை திறக்கிறார். திறப்பு விழாவுக்கு எனக்கும் லூர்துமேரிக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறார். என் வெள்ளைப் பாஸ்போர்ட்டுக்கு முதல் கல்யாணம்!

மேடத்திடம் சொல்லப் போனேன். வயதாகிவிட்டது, ஆனால் கண்ணாடியை இன்னும் அதே தலைப்பில்தான் துடைக்கிறார். ஆபீசுக்கு என்னைக் கூட்டிப்போய், டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் அவரே உட்கார்ந்தார். ஷகிலா வேடிக்கை பார்த்தாள்.

"எதுக்குப் போறீங்க?"

"பரோட்டா திங்க மேடம்."

"குனியாம சொல்லுங்க தாஸ்."

சென்னைக்குப் போனோம். லூர்துமேரிக்கு எல்லாம் முதல் தடவையே பச்சை. எனக்கு? நாலு விரல் சிவப்பு. அடுத்த நாலும் சிவப்பு. ஆயுள் முழுவதும் பசை தடவி, காகிதம் புரட்டி, எச்சில் தொட்டுத் தொட்டு என் ரேகை எல்லாம் மற்றவர்களுடைய விண்ணப்பத்தோடு ஊர் ஊராகப் போய்விட்டது. வேறு நாள் கொடுத்தார்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் லூர்துமேரி தாம்பாளத்தில் கோதுமை மாவைக் கொட்டி, எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து, என் முன்னால் தள்ளினாள். எண்ணெயும் மாவும் பட்டால் காய்ந்த தோல் இளகி ரேகை எழும்பும் என்பது அவள் கணக்கு. காலையில் சப்பாத்தி, ராத்திரி சப்பாத்தி. தொட்டுக்கொள்கிற வெஞ்சனம்தான் மாறியது, சப்பாத்தி மாறவில்லை.

நேற்று மறுபடி சென்னைக்குப் போய் வந்தேன். பத்து விரலும் பச்சை! பெருவிரலை உருட்டக்கூடத் தேவைப்படவில்லை. ரயில் நிலையத்திலிருந்து வெற்றிவீரனாக வீட்டுக்குள் நுழைந்து, "இனிமே நான் மாவுல கை வைக்க மாட்டேன்" என்று அறிவித்தேன்.

லூர்துமேரி தாம்பாளத்தை எடுத்து வைத்தாள்.

"விசா கைக்கு வர்ற வரைக்கும் பெசைஞ்சுக்கிட்டே இருங்க. திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க."